நாடகம் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

மார்ச் 6, மாலை

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியபடியே போடுகிறேன்: “அண்ணா, தங்கச்சிக்குக் கல்லடியில நாடகமும் அரங்கியலும் கிடைக்கும் போல இருக்கு. உளச்சார்புப் பரீட்சை நல்லாச் செய்தவவாம். அம்மா மறிக்கிறா. அதைப் படிச்சு முன்னுக்கு வந்த ஆக்கள் ஒரு பத்துப் பேரின்ட பேர் சொல்லுங்க, அம்மாட்டக் காட்டணும்.”

பத்து என்ன, இருபது தருகிறேன் என்று காகிதம் எடுத்தேன். பிளேன்ரீ ஆறுமுன் ஒன்பது பெயர் விழுந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் என்ன படித்தார் என்று எழுதப் போனேன். மௌனகுரு: பேராதனை, தமிழ். பாலேந்திரா: கட்டுபெத்தை, பொறியியல். சரச்சந்திர: பாளியும் சமஸ்கிருதமும். சுவாமி விபுலானந்தர்: விஞ்ஞானப் பட்டதாரி. மட்டக்களப்பு கல்லடியில் நாடகம் படிப்பிக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அவரே நாடகம் படிக்கவில்லை! ஒன்பது பேரில் நாடகத்தில் முதற்பட்டம் எடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே தம்பி, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேர் எடுத்த நாடகக்காரர் எல்லாரும் வேறு எதையோ படித்தவர்கள். நாடகமே படித்தவர்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பிக்கிறார்கள்.

மார்ச் 6, இரவு

ஒரு சகோதரி கேட்கிறார், “நீங்களும் அதைத்தானே படித்தீர்கள், உங்கள் பெயர் ஏன் இல்லை?” படித்தது உண்மை. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், 90களின் பிற்பகுதியில். இப்போது ஒரு கந்தோரில் பைல் கட்டுகிறேன். பத்தில் ஒன்றாக என்னைப் போட்டால் அந்த அம்மா பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

மார்ச் 7

நேற்று எழுதியது கொஞ்சம் சவடால்தான். பேராதனைக் கதையை ஒழுங்காகச் சொல்லாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்கக் கூடாது.

அங்கே நாடகத்துக்கென்று பட்டம் இல்லாத காலம். ஆனால் சரச்சந்திர இருந்தார். 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய சிங்கள நாடகம் ‘மனமே’ ஏறியபோது மேடையில் நின்றவர்கள் மாணவர்கள். எடுத்துரைஞராக வந்த ஷ்யாமன் ஜயசிங்க பிறகு அரச நிர்வாக சேவைக்குப் போய், கடைசியில் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார். இளவரசியாக நடித்த பெண்களில் ஒருவர் டிரிலிஷியா. அவர் சினிமாவில் பல பத்து வருடம் நின்று பிடித்தார். ஒரே மேடையில் நின்ற இரண்டு பேர், ஒருவருக்கு நாடகம் இளமைக்கால நினைவு, மற்றவருக்கு அதுவே தொழில். வகுப்பில் யார் எந்தப் பக்கம் போவார் என்று அப்போது எவருக்காவது தெரிந்திருக்குமா?

சரச்சந்திர ‘நாடகம’ என்ற நாட்டார் நாடக வடிவத்தை நம்முடைய கூத்தின் சிங்கள உறவு என்று கண்டு எடுத்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த, அங்கே தமிழ் படிப்பித்த வித்தியானந்தன், மூலம் நம்மிடம் இருக்கும்போது நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைக்குக் கொண்டுபோனார். ‘கர்ணன் போர்’ 1962, ‘நொண்டி நாடகம்’ 1963, பிறகு ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கினார். ‘இராவணேசன்’ எழுத்தும் இராவணன் வேசமும் மௌனகுரு. அப்போது அவர் மாணவர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. மௌனகுரு பள்ளிக்கூடத்தில் படித்தது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அந்தப் பள்ளிக்கூட வளவில்தான். அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பின்னாளில் மௌனகுரு அங்கேயே கலை கலாசார பீடத்தின் பீடாதிபதியாக வந்து உட்கார்ந்தார். அரைக்கால்சட்டையோடு ஓடித்திரிந்த வளவில் பீடாதிபதி! இதை நான் பட்ச்சில் யாரிடமாவது சொன்னால் “அதுக்கு இப்ப என்ன” என்பார்கள். எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

மார்ச் 7, பிறகு

விபுலானந்தர் பற்றி ஒரு வரி விட்டுப் போயிற்று. அவரை மட்டக்களப்பார் எழுதி எடுத்துவிட்டார்கள், காரைதீவில் பிறந்தவர் ஆகையால் அது சரி. ஆனால் 1920களின் நடுவில் இராமகிருஷ்ண மிஷன் நமது திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பெடுத்தபோது இங்கே இருந்து அதை நடத்தியவர் அவர். ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது. சேக்ஸ்பியரை ‘செகசிற்பியார்’ ஆக்கி, பன்னிரண்டு நாடகத்தைத் தமிழில் கதையாகச் சொல்லி, தசரூபகம் என்ற சமஸ்கிருத நாடக இலக்கண நூலையும் உள்ளே கொண்டுவந்த புத்தகம். நாடகக் கல்வி என்று கதைக்கும்போது திருமலையார் இந்த ஒன்றையாவது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். சொல்லமாட்டோம். ஊருக்குள் திரியும் மானைப் படம் எடுத்துப் போடுவோம்.

மார்ச் 8

மான் விசயத்தில் யாரும் கோபிக்க வேண்டாம். பஸ் நிலையத்துக்குக் கிட்ட நேற்றும் ஒன்று என் சொப்பிங் பையில் இருந்த கீரையை இழுத்தது. அதோடு நான் பேச்சுவார்த்தையில் இல்லை.

மார்ச் 9

அப்ப எங்கள் பட்ச் என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

நாடகத்தைப் பாடமாக எடுத்தவர்கள் பதினொரு பேர். பெயர் போடமாட்டேன், அவர்கள் இங்கே வாசிக்கிறார்கள். ஆறு பேர் ஆசிரியர். ஒருத்தி பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர். ஒருவன் வானொலியில் இருந்து பிறகு கனடா. ஒருவனுக்கு வாழைச்சேனைப் பக்கம் பேக்கரி. ஒருத்தி தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்து இன்றும் அதே துறையில் இருக்கிறாள். பதினோராவது நான்.

எனது மேடை வாழ்க்கையின் உச்சம் இதுதான்: இறுதி வருடக் கூத்தில் கட்டியக்காரன். அண்ணாவியார் ஊரில் இருந்து வந்து பழக்கினார். சட்டம் கொடுத்தபோது, அதாவது பாத்திரங்களைப் பங்கிட்டபோது, எனக்கு வந்தது நாலு பாட்டும், ஆடிக்கொண்டு களரிக்கு வரும் ஒரு வரவும். வரவாட்டத்தில் வலதுகால் சலங்கை அவிழ்ந்து, முதலில் கணுக்காலுக்கு இறங்கி, பிறகு மொத்தமாகக் கழன்று, மத்தளக்காரரின் முழங்காலில் போய் முட்டி நின்றது. முடிச்சுப் போட்டது நானே, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த மனிதர் தாளத்தை விடவில்லை. இடது கையால் சலங்கையை எடுத்து, தட்ட வேண்டிய இடத்தில் மத்தளத்தோடு சேர்த்து அதையும் ஒரு குலுக்குக் குலுக்கினார். நான் ஒற்றைக்கால் சலங்கையோடு ஆடி முடித்தேன். சபையில் பாதிப் பேர் அதை ஏற்பாடு என்று நினைத்தார்கள். அண்ணாவியார் பின்னுக்கு வந்து, “மகன், ஒரு காலால ஆடினவன்ட கூத்தை இப்பத்தான் பாக்கிறன்” என்றார்.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, நான் நடிகன் இல்லை என்று. பட்டம் மட்டும் வந்தது.

மார்ச் 9, இரவு

இல்லை, “விளங்கிவிட்டது” என்பது பொய். பத்து வருடம் விளங்கவில்லை. அப்பாவுக்கு முன்னமே விளங்கியிருந்தது.

மார்ச் 10

கேள்வி கேட்ட தம்பியின் மச்சானாம், “கூத்துப்பட்டறையில் படித்த விஜய் சேதுபதியைச் சொல்லுங்கள், அம்மா உடனே சம்மதிப்பா” என்கிறார். முதலாவது, கூத்துப்பட்டறை பல்கலைக்கழகம் இல்லை. 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய குழு. இரண்டாவது, அவர் பி.கொம். படித்தவர், அங்கே கணக்காளராகவும் இருந்தவர். இதைச் சொன்னால் அம்மா “அப்ப எக்கவுண்டிங் படிக்கட்டும்” என்பார். என்னுடைய பழைய வாதத்துக்குத்தான் அது உதவும். அந்த வாதத்தை நான் மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

மார்ச் 12

திருத்தம். நாடகம் படித்தவர் ஒன்பது பேரில் இல்லை என்றேன். முதற்பட்டத்தை மட்டும் பார்த்ததால் வந்த பிழை. மௌனகுருவின் கலாநிதிப் பட்டம் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்கள் பற்றியது. பேராசிரியர் சிவத்தம்பி பேர்மிங்ஹாமில் செய்த ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது. நாடகம் அவர்களுக்குப் பக்கத்தொழிலாக இருக்கவில்லை. படிக்க ஒரு துறை இல்லை, அதனால் தமிழ் வழியாகவும் வரலாறு வழியாகவும் சுற்றி வந்தார்கள். பிறகு அந்தத் துறையை அவர்களே கட்டினார்கள். வீடு கட்டியவனிடம் போய் “நீ ஏன் இந்த வீட்டில் பிறக்கவில்லை” என்று நான் கேட்டிருக்கிறேன்.

பாலேந்திராவுக்கு இது பொருந்தாது என்று ஒரு ஐயா எழுதியிருக்கிறார். பொருந்தாதுதான். அவர் பொறியியலாளர், அவைக்காற்று கலைக் கழகம் என்ற நாடகக் குழு 1978, ‘கண்ணாடி வார்ப்புகள்’, ‘ஒரு பாலை வீடு’ நாடகங்கள், பிறகு லண்டன் போயும் விடவில்லை. கட்டுபெத்தையில் நாடகம் பாடம் இல்லை. ஆனால் மாணவர் நாடகம் போட்டார்கள். பாடம் இல்லாத இடத்தில்தான் வெறி கூட என்று ஒரு பழைய சந்தேகம் எனக்கு உண்டு. எங்களுக்குக் காலையில் அரங்க வரலாறு, பின்னேரம் செயன்முறை, தவணை முடிவில் புள்ளி. புள்ளிக்கு ஆடினால் கால் எப்படி ஆடும்?

குழந்தை ம. சண்முகலிங்கம் பெயர் என் முதல் பட்டியலில் இருந்தது. அதே 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 1985இல் அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ சிதம்பரநாதன் நெறியாள்கையில், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஊர் ஊராகப் போனது. அந்த நாடகத்தில் குழுவோடு சேர்ந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் பிறகு நாடகத்தில் இருந்தார்கள்? அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இளம்பிள்ளையாக இருந்தவர்களிடம் தொழில் வாழ்க்கை பற்றிக் கேட்பதே ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 13

நேற்றைய கடைசி வரிக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் இருக்க நினைத்தேன். ஆனால் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிற பட்ச்காரி நேற்று இரவு போன் எடுத்து ஏசினாள். “ஒரு வரியில என்னை முடிச்சிட்டாய்” என்றாள். நியாயம்.

2003. சமாதான காலம், ஆட்கள் மூதூர்ப் பக்கம் வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், நிலத்தில் மிதிவெடி. அவளுக்கு மிதிவெடி விழிப்புணர்வு நாடகம் போடும் வேலை. எனக்கு வேலை இல்லை. மத்தளம் தூக்கவும் வாகனத்தில் சாமான் ஏற்றவும் மூன்று மாதம் என்னைச் சேர்த்துக்கொண்டாள். அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை, பாதைதான். பாதை என்றால் திருமலைக்கு வெளியே உள்ளவர்கள் ரோட்டு என்று நினைப்பார்கள். நாங்கள் சொல்வது வாகனம் ஏற்றும் மிதவையை. துறையடியில் மணிக்கணக்கில் நின்று, மத்தளத்துக்கு மேல் சேலையைப் போர்த்தி வெயில் படாமல் காத்த அனுபவம் உண்டு.

ஒரு பள்ளிக்கூடம், கூரையில் பாதி தகரம், பாதி கிடுகு. முற்றத்து வேம்புக்குக் கீழே நாடகம். கதை சின்னது: மாடு தேடிப் போகிற பெடியன் பற்றைக்குள் ஒரு தகர டப்பாவைக் காண்கிறான். அவள் எழுதியபடி அவன் அதை எடுக்க வேண்டும், பிறகு மத்தளத்தில் ஒரு அடி, பிறகு பாட்டு. நடித்த பெடியன் குனிந்து கையை நீட்டினான். முன்வரிசையில், நிலத்தில் இருந்த ஒரு பிள்ளை, ஏழு வயது இருக்கும், எழும்பி ஓடிவந்து அவன் சேட்டைப் பிடித்து இழுத்தது. “தொடாதீங்க! தொடாதீங்க!” அழவில்லை, சத்தம் மட்டும். நான் கையை ஓங்கியபடி நிற்கிறேன், அடிக்கிறதா விடுகிறதா தெரியவில்லை. அவள் பக்கத்தில் இருந்து வந்து, பிள்ளையைத் தூக்காமல், பக்கத்தில் குந்தி, “அப்ப அவர் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க பாப்பம்” என்றாள். பிள்ளை சொன்னது: வந்த அடியிலயே திரும்பிப் போகணும். நடிகன் பின்னுக்கு ஒவ்வொரு அடியாக வைத்துப் போனான். பாட்டு இல்லை, வெடி இல்லை. நாடகம் அங்கே முடிந்தது.

அடுத்த நாளில் இருந்து அவள் எழுத்தை மாற்றிவிட்டாள். டப்பாவை எடுக்கிற காட்சியே இல்லை. கையை நீட்டியதும் நடிகன் நின்று, இருக்கிற பிள்ளைகளைப் பார்ப்பான். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் கத்தினார்கள்.

அந்த யோசனை அவளுக்கு எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். “மூன்றாம் வருசத்தில படிச்சதுதானே, நீ வகுப்புக்கு வந்தியா?” என்றாள். பார்வையாளரை நிறுத்தி, உள்ளே கூப்பிட்டு, கதையை அவர்களிடம் கொடுக்கிற அரங்கு பற்றி விரிவுரை நடந்த நாட்களில் நான் பெரும்பாலும் கன்ரினில் இருந்தேன்.

மார்ச் 14

2004 சுனாமிக்குப் பிறகும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. முகாம்களில் பிள்ளைகளோடு விளையாட்டும் நாடகமும் செய்ய ஆள் தேவைப்பட்டது. நாடகம் படித்தவர்களை அப்போது தேடித் தேடி எடுத்தார்கள். பிறகு பணம் வற்றியது, ஆட்கள் மறந்தார்கள். 2017இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் போராட்டக் கொட்டகையில் இருந்தபோது அதற்குள் நாடகப் பட்டதாரிகளும் இருந்தார்கள். இதையும் அம்மாவிடம் மறைக்காதீர்கள் தம்பி. எப்படியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 15

பட்ச்சில் ஆறு பேர் ஆசிரியர் என்று மார்ச் 9இல் ஒரு சலிப்போடு எழுதினேன். இன்று திரும்ப வாசித்தால் எனக்கே பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவன் வன்னி எல்லையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். ஒவ்வொரு வருடமும் தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஒரு நாடகம் தயாரித்து மாகாணம் வரை கொண்டுவருவான். ஒரு முறை நடுவர் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அரசனுக்குக் கிரீடம் பால்மா பெட்டி மட்டை. மினுக்கத்தாள் ஒட்டாமல் பெயர் தெரியும்படி விட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “பிள்ளையளுக்கு அது என்னெண்டு தெரியும், மறைச்சு என்ன செய்ய” என்றான். இரண்டாம் இடம் வந்தது. முதலாம் இடம் வந்த குழு வாடகைக்கு எடுத்த உடுப்போடு வந்திருந்தது.

மட்டக்களப்பில் அரங்கியலாளர் ஜெயசங்கர் சொல்லிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான். கூத்தை மேடைக்குச் சுருக்கிக் கொண்டுபோனது ஒரு காலத்தின் தேவை, இனி ஊருக்குள்ளேயே, ஆடுகிறவர்களோடு இருந்து, அதை மீளுருவாக்க வேண்டும் என்று சீலாமுனையில் செய்து காட்டியவர். யாழ்ப்பாணத்தில் படித்து மட்டக்களப்பில் வேர்விட்டவர். மௌனகுரு பக்கமா ஜெயசங்கர் பக்கமா என்று எங்கள் பட்ச்சில் கன்ரின் சண்டை நடந்தது உண்டு. நான் ரோல்ஸ் பக்கம்.

மார்ச் 16

ஒருவர் கேட்கிறார்: திருமலை வளாகத்திலேயே நாடகம் இருந்தால் பிள்ளை வீட்டில் இருந்து போகலாமே? கோணேசபுரியில் தொடர்பாடல் உண்டு, வணிகம் உண்டு, கணினி உண்டு, சித்த மருத்துவம் உண்டு. நாடகத்துக்குத் துறை இல்லை. கல்லடிக்குத்தான் போக வேண்டும். அந்த நிறுவகம் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது பிறகு. போய்ப் பாருங்கள், வாவிக் காற்று நன்றாக இருக்கும். இது பிரசாரம் இல்லை.

மார்ச் 19

தம்பி எழுதியிருக்கிறார். இந்த முழு இழையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “மௌனகுரு ஆரெண்டு எனக்கும் தெரியும். நான் மறிச்சது அதுக்கில்லை. அவ தனிய எப்பிடி மட்டக்களப்புக்குப் போய் வருவா, விடுதி கிடைக்குமா, அதைக் கேட்டியா?” என்றாராம்.

பதின்மூன்று குறிப்பு எழுதியிருக்கிறேன்! ஒன்றிலும் இது இல்லை.

விடுதி பற்றி அந்தப் பட்ச்காரியைக் கேட்டிருக்கிறேன், அவளுக்கு அங்கே ஆள் தெரியும். அவளே வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைக்கிறேன் என்றாள். பயணத்துக்கு நான் பதில் சொல்வேன். எங்கள் காலத்தில் ஹபரணை, பொலன்னறுவை சுற்றி, சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறிப் போனோம். இப்போது கிண்ணியாப் பாலம் 2009இல் இருந்து இருக்கிறது. உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், எல்லாவற்றுக்கும் பாலம் வந்துவிட்டது. மூதூர், வாகரை வழியாக நேரே போகலாம். காலை பஸ் என்றால் இடப்பக்கம் முழுக்க வெயில். வலப்பக்கம் சன்னல் ஓரமாக இருக்கச் சொல்லுங்கள்.